அரைக் கிளட்ச் சார் நாலாவது கியர் போட்ட கதை

என் அக்கா வீட்டுக்காரரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அரைக் கிளட்ச் சார் என்றால் போதும், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றதும் கட்டடத்தையெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, போக்குவரத்துச் சின்னங்கள் அச்சடித்த ஒரு அட்டை, வாசலில் ஒரு கார். அந்தக் கார்தான் ஸ்கூல். மற்றதெல்லாம் மழை வந்தால் ஒதுங்குவதற்கு.

"அரைக் கிளட்ச்... அரைக் கிளட்ச்... விடு, மெதுவா விடு, ஐயோ அவ்வளவு வேண்டாம்!" இதை ஒரு நாளைக்கு முந்நூறு தடவை சொல்வார். இருபத்திரண்டு வருடத்தில் நாலாயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதில் ஒருவர்கூட இதுவரை பெரிதாக எங்கும் மோதியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. எனக்கு வேறு சந்தேகம். அவரிடம் படித்தவர்கள் இருபதைத் தாண்டி ஓட்டியிருந்தால்தானே மோதுவதற்கு?

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறேன். போரிங் மெஷின், லேத், வால்வு சீட் வெட்டும் கருவி எல்லாம் உண்டு. என்னிடம் வண்டி வராது. இன்ஜினை மட்டும் கழற்றி, கோணிச் சாக்கில் சுற்றி, சரக்கு வண்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள். நான் பிரித்து, தேய்த்து, பூட்டி, ஸ்டாண்டில் ஏற்றி ஓட விட்டுக் காட்டுவேன். சத்தத்தை வைத்தே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுவேன். ஆனால் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அத்தானிடம் இரண்டு தடவை கற்றுக்கொள்ளப் போய் இரண்டு தடவையும் சண்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். இந்த விஷயத்தை இங்கேயே ஒப்புக்கொள்வது நல்லது, ஏனென்றால் பின்னால் நடந்த கூத்துக்கு இதுதான் பாதிக் காரணம்.

மீதிப் பாதி அத்தான். அவர் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. காலை ஆறு மணிக்கு முதல் மாணவர் வீட்டுக்கே வந்து வண்டியை எடுப்பார். இவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வார். அப்படியே ஒவ்வொருவராக மாறி மாறி ஓட்ட, சாயங்காலம் கடைசி மாணவர் இவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு ஓய்வு. ஆக, மனிதர் நாளெல்லாம் காரிலேயே இருக்கிறார், ஸ்டீயரிங்கைத் தொடுவதே இல்லை. பக்கத்து சீட்டில் அவருக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஆக்ஸிலேட்டர் கிடையாது. வேகமாகப் போக வைப்பது அவர் வேலை இல்லையே, நிறுத்துவதுதான் வேலை.

ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது பின்னால் ஹாரன். விடாமல் ஹாரன். திரும்பிப் பார்த்தால் சிவப்பு நிறக் காரில் ஒரு பல் டாக்டர், நாலு வருடத்துக்கு முன் இவரிடம் படித்தவர். "நகருங்க சார், நகருங்க!" என்று சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டு, இவரைச் சுற்றிக்கொண்டு பறந்து போய்விட்டார். அவ்வளவுதான். அன்றைக்கு மத்தியானம் அத்தான் என் பட்டறைக்கு வந்து ஒரு பழைய கியர் பாக்ஸ்மேல் உட்கார்ந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"மாப்ள, நம்ம வண்டியை வேகமாக்க முடியுமா?"

"ஏன் அத்தான், பசங்களுக்கு விமானம் ஓட்டக் கத்துக்குடுக்கப் போறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஊருக்கு வெளியே குன்றின்மேல் ஏறும் ரோட்டில் கார் கிளப் நடத்தும் பந்தயம். ஒவ்வொரு காராகக் கீழிருந்து மேலே விடுவார்கள், யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறார்களோ அவர்கள்தான் ஜெயித்தவர்கள். மூன்று கிலோமீட்டர், ஒன்பது வளைவு. தினமும் ஓட்டுகிற சாதாரண நாலு சிலிண்டர் கார்களுக்கென்று தனிப் பிரிவு. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு.

"ஜெயிக்கணும்னு இல்ல மாப்ள. நாலாயிரம் பேரு ஓட்டறதைப் பாத்துட்டேன். நான் எப்ப ஓட்டறது? வயசு அம்பத்தொண்ணு ஆச்சு. நாலாவது கியர்ல ஒரே ஒரு தடவை முழுசா மிதிச்சு, ஒரு வண்டியை நானே ஓட்டிப் பாக்கணும். அதுக்குள்ள செத்துட்டா அசிங்கமா இருக்கும்."

கேலி பேசியதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். பந்தயத்துக்கு நாலு மாதம் இருந்தது. "வண்டியை ஞாயித்துக்கிழமை கொண்டாங்க" என்றேன்.

அந்த வண்டி ஒரு சின்ன சலூன் கார், ஆயிரத்து இருநூறு சி.சி. சந்தையில் காய்கறி வாங்கப் போகிறவர்கள் வைத்திருக்கும் ரகம். கூரைமேல் முக்கோணப் பலகையில் பெரிதாக எல் எழுத்து. அந்தப் பலகையின் போல்ட் துருப்பிடித்து இறுகிப்போய் அசையவே இல்லை, அதனால் அதை அப்படியே விட்டுவிட்டோம். முதலில் வண்டியை இருந்தபடியே ஓட்டி நேரம் பார்த்தோம். மூடிக் கிடக்கும் நூல் மில்லுக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டருக்கு நேரான ரோடு. இரண்டு பக்கமும் குடோன்கள், நடுநடுவே நாலு சந்து. ஞாயிறன்று நாய்கூட வராது. நான் கடைசியில் ஸ்டாப்வாட்சோடு நின்றேன், அத்தான் எதிர் முனையிலிருந்து கிளம்பினார். ஒரு நிமிஷம் ஆறு நொடி.

சரி, பழைய இன்ஜின், இவ்வளவுதான் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மூன்று ஞாயிறுகளில் இன்ஜினுக்கு மூடி மாதிரி இருக்கும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி அடிப்பாகத்தை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இழைத்தேன். ஹெட்டின் உயரம் குறைந்தால் காற்றும் பெட்ரோலும் இன்னும் இறுக்கமாக அமுங்கும், அமுங்கினால் வெடிப்பில் வேகம் கூடும். காற்று உள்ளே போகும் வழிகளைச் சின்ன கிரைண்டரால் தேய்த்துத் தேய்த்து, விரலை விட்டால் வழுக்கும் அளவுக்குச் செய்தேன். வால்வு வந்து உட்கார்ந்து மூடும் சீட்டை மூன்று கோணத்தில் வெட்டினேன். நாலு சிலிண்டரும் ஒன்றுபோல மூச்சு விட்டன. பூட்டி ஓட விட்டதும் எனக்கே ஆசையாக இருந்தது. ஸ்டாண்டில் வைத்து ஒரு திருகு திருகினால் சும்மா சீறியது.

மில் ரோட்டுக்குப் போனோம். ஒரு நிமிஷம் ஐந்து நொடி.

"ஒரு நொடி கொறஞ்சிருக்கே!" என்றார் அத்தான், நல்ல மனசோடு.

எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. மூன்று ஞாயிறு. ஒரு நொடி. நான் வீம்புக்காரன், ஒப்புக்கொள்கிறேன். உடைந்துபோன பெரிய கார் ஒன்றிலிருந்து இரட்டை வாய் கார்புரேட்டர் எடுத்து, அதற்கென்று ஒரு தகடு வெட்டிப் பொருத்தினேன். நாலு சிலிண்டரின் புகையும் ஒன்றையொன்று இடிக்காமல் வெளியேற நாலு தனிக் குழாய் வளைத்து, பின்னால் அகலமான சைலன்சர் வைத்தேன். இப்போது வண்டி நின்றபடியே உறுமியது. மில் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு நிமிஷம் ஏழு நொடி.

கூடியிருக்கிறது! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

"என்ன அத்தான், இழுக்குதா இல்லையா?"

"நல்லா இழுக்குது மாப்ள. ஆனா கொஞ்ச தூரம் போனதும் யாரோ பின்னாலேருந்து பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு. மறுபடி இழுக்குது. மறுபடி பிடிக்குது."

நான் பெட்ரோலைச் சந்தேகப்பட்டேன். பெட்ரோல் பம்பைச் சந்தேகப்பட்டேன். சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன், தாராளமாகச் சுற்றின. பிரேக் பேடைப் பார்த்தால் பிஸ்கட் போல தேய்ந்து போயிருந்தது, மாற்றி மூன்று வாரம்கூட ஆகவில்லை. "பசங்க மிதிச்சுத் தள்ளறாங்க மாப்ள, கத்துக்கற பசங்க" என்றார். நியாயம்தானே என்று புதியது போட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, நான் தும்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பத்திரமாகக் கீழே வைத்தேன்.

கடைசி ஆயுதம் கேம் ஷாஃப்ட். வால்வு அதிகம் திறந்து, கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்தே இருக்கும்படி அதன் மேடுகளை மாற்றித் தேய்த்துக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுத்து வாங்கினேன். இன்ஜின் சுற்றைச் சீராக வைக்கும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலை லேத்தில் போட்டு மூன்று கிலோ எடையைக் குறைத்தேன். இன்ஜினுக்கு இறக்கை முளைத்தது போல ஆயிற்று. ஆனால் இந்த வண்டியில்தான் வாரத்தில் ஆறு நாள் கற்றுக்குட்டிகளும் ஓட்டுகிறார்கள் என்பதை நாங்கள் இருவரும் வசதியாக மறந்துவிட்டோம்.

கனமான ஃப்ளைவீல் இருந்தால் கிளட்சைத் தப்பாக விட்டாலும் வண்டி மன்னிக்கும். இது மன்னிக்கவில்லை. விட்டால் அணைந்தது, அணையாவிட்டால் பாய்ந்தது. சும்மா நிற்கும்போதே ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் ஒருவர், வாழ்க்கையில் எதற்கும் அவசரப்படாதவர், அரைக் கிளட்சை முக்கால் கிளட்சாக விட, வண்டி நாலு முனைச் சந்திப்பைக் கண் மூடித் திறப்பதற்குள் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றது. அவர் இறங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "நான் பஸ்ஸிலேயே போயிக்கறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாராம். தையல்கார அம்மா ஒருவர் மட்டும் முதல் நாளே அழகாக ஓட்டினார். இருபது வருடம் தையல் மெஷின் மிதித்த கால். மற்றவர்கள் ஒவ்வொருவராக வேறு ஸ்கூலுக்குக் கழன்றுகொண்டார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி, பதினெட்டு பேர் ஏழாகிவிட்டார்கள்.

மில் ரோட்டில் நேரம் ஒரு நிமிஷம் எட்டு நொடி.

நான் ஸ்டாப்வாட்சைத் தரையில் போட்டேன். போட்டேன் என்ன, எறிந்தேன். "உங்களுக்கு ஓட்டத் தெரியல அத்தான்!" என்று கத்தினேன். நாலாயிரம் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதரைப் பார்த்து, ஓட்டவே தெரியாத நான். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உன் இன்ஜினைப் பாரு மொதல்ல" என்றார். அவர் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பத்து நாள் பேச்சுவார்த்தை இல்லை. பந்தயத்துக்கு ஒன்றரை மாதம்தான் பாக்கி. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் இன்ஜின் நல்ல இன்ஜின். அவரும் நல்ல மனிதர். பிறகு ஏன்?

விஷயத்தைக் கண்டுபிடித்தது அக்கா. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, யாருக்கு என்ன என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிற ரகம். எங்கள் இருவர் மேலும் அவளுக்குச் சம அளவு கோபம். அந்த ஞாயிறு அவளுக்குச் சந்தையில் தக்காளி வாங்க வேண்டியிருந்தது, அத்தானைக் காரை எடுக்கச் சொன்னாள். திரும்பும்போது தானும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தக்காளிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வராமல் நேராக என் பட்டறைக்கு வரச் சொன்னாள். வந்து இறங்கியவள் கையில் பை. பையிலிருந்து சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"டேய், இந்த வண்டில பேய் இருக்கு" என்றாள்.

"என்னக்கா?"

"என் காலடில இருக்கற பிரேக்கு தானா இறங்குதுடா. ஒவ்வொரு சந்து வரும்போதும் இறங்குது. ஒரு சைக்கிள் வந்தா இறங்குது. எதிர்ல ஒரு பேப்பர் பறந்துச்சு, அதுக்கும் இறங்குது. ரெண்டு கிலோ தக்காளியும் சட்னி ஆயிடுச்சு. நான் தொடவே இல்ல!"

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் தன் வலது காலைப் பார்த்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் டிரைவரின் பிரேக்கையும் பக்கத்து சீட்டு பிரேக்கையும் ஒரே இரும்புக் கம்பி இணைக்கிறது. இங்கே மிதித்தால் அங்கே இறங்கும், அங்கே மிதித்தால் இங்கே இறங்கும். ஆக, அக்காவின் காலடியில் பேய் இல்லை. பேய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தது. இருபத்திரண்டு வருடமாக எதைக் கண்டாலும் பிரேக்குக்குப் போன கால், டிரைவர் சீட்டுக்கு மாறியது தெரியாமல் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. கண் சிமிட்டுவதை நாம் கவனிக்கிறோமா? அப்படித்தான். ஆக்ஸிலேட்டரில் ஒரு மிதி, பிரேக்கில் ஒரு மிதி. நான் இன்ஜினின் வேகத்தைக் கூட்டக் கூட்ட, பயந்துபோன கால் இன்னும் பலமாக மிதித்தது. அதனால்தான் நேரம் கூடிக்கொண்டே போனது. மில் ரோட்டில் நான் எதிர் முனையில் நின்றேன், வண்டியின் முகம்தான் எனக்குத் தெரியும். பின்னால் நின்றிருந்தால் பிரேக் விளக்கு மின்மினிப் பூச்சி போல மினுக் மினுக்கென்று எரிந்ததைப் பார்த்திருப்பேன். எனக்கு ஓட்டத் தெரிந்திருந்தால் ஒரே ஒரு தடவை நானே ஓட்டிப் பார்த்திருப்பேன். ஓட்டத் தெரியாத இன்ஜின்காரனும், ஓட்டாத வாத்தியாரும் சேர்ந்து, ஒரு பாவப்பட்ட காரை இரண்டரை மாதம் பாடாய்ப் படுத்தியிருக்கிறோம்.

முதலில் அக்கா சிரித்தாள். பிறகு நான். அத்தான் சிரிக்கவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என்னால முடியாது மாப்ள. இன்ஜினை மாத்தலாம். காலை எப்படி மாத்தறது?"

நான் பிரேக் பெடலுக்கு அடியில் ஒரு கட்டையை வெல்டு வைத்துவிடலாம் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே செத்துப்போனது. "நான் உக்காந்துக்கறேன்" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போகும் தடித்த அடிப்பாகமுள்ள ஷூவை மாட்டிக்கொண்டாள். பக்கத்து சீட்டில் ஏறி, தன் பக்கத்துப் பிரேக் பெடலுக்கு அடியில் பாதத்தை நுழைத்துக்கொண்டாள். அவர் மிதித்தால் இவள் பாதம் அதைத் தடுக்கும். நிஜமாகவே நிறுத்த வேண்டிய இடம் என்றால் காலை உருவிக்கொள்வாள்.

"எது நிஜம், எது பொய்னு உனக்கு எப்படித் தெரியும்? உனக்கு ஓட்டவே தெரியாதே" என்றார் அத்தான்.

"பறக்கற பேப்பருக்கு நிறுத்தக்கூடாதுன்னு தெரியும். வண்டியை எடுங்க."

அன்று மாலை மில் ரோட்டில் அவர்கள் வருவதை நான் பார்த்ததோடு, உள்ளிருந்து வந்த சத்தத்தையும் கேட்டேன். "எடுங்க காலை! எடுங்கங்கறேன்! அது சந்து, சந்துலேருந்து யாரும் வரல! ஐயோ என் காலு!" ஐம்பத்தெட்டு நொடி. அடுத்த ஞாயிறு ஐம்பத்து மூன்று. ஒரு மாதத்தில் நாற்பத்தேழு. அக்காவின் வலது பாதத்தில் கரும்பச்சை நிறத்தில் ஒரு கன்றல், ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் "வீட்டுக்காரர் மிதிச்சுட்டாரு" என்று சொல்லி வைத்தாளாம். அவரை அங்கே எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பந்தய நாள். குன்றின் அடிவாரத்தில் பதினாலு கார்கள் வரிசையாக நின்றன. எல்லாம் பளபளப்பாக, பக்கவாட்டில் கோடு போட்டு, எண் ஒட்டி. எங்கள் வண்டி கூரைமேல் எல் பலகையோடு. பல் டாக்டரின் சிவப்புக் காரும் இருந்தது. அவர் ஓடி வந்து, "சார், நீங்களா! அன்னிக்கு ஹாரன் அடிச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க சார்" என்று உண்மையாகவே கைகூப்பினார். அத்தானுக்குக் கோபப்படக்கூட வழியில்லாமல் போய்விட்டது. வண்டிகளைச் சோதிக்க வந்த அதிகாரி உள்ளே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன, ரெண்டு பிரேக்?" என்றார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பிரேக் இல்லாமல் வரக்கூடாது என்று இருந்ததே தவிர, அதிகமாக இருக்கக்கூடாது என்று எங்கும் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பக்கத்தில் ஒருவர் உட்காரலாம் என்று விதி. ஆனால் அத்தான் முதல் தடவை தனியாகத்தான் போவேன் என்றுவிட்டார். "நானே ஓட்டணும்னுதானே வந்தேன்." போனார். நான் உச்சிக்குச் சற்றுக் கீழே, கடைசி வளைவில், டயர் அடுக்கி வைத்த இடத்துக்குப் பின்னால் நின்றேன். மேலே வந்தபோது என் இன்ஜின் திக்கித் திக்கிப் பேசியது. வளைவுக்கு வளைவு கால் பழைய வேலையைக் காட்டியிருக்கிறது. பதினாலு பேரில் பதினாலாவது. கூட்டத்தில் யாரோ கூரையைக் காட்டி, "சொல்லிக் குடுக்கறவங்க யாரும் கூட வரலையா?" என்று கேட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை.

கீழே இறங்கிப் போனவர் வண்டியை விட்டு இறங்கவில்லையாம். பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, அக்காவைப் பார்த்து, "வா" என்றாராம். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள்.

இரண்டாவது வாய்ப்பு. கீழே கொடி அசைந்ததை நான் பார்க்கவில்லை, வண்டி கிளம்பிய சத்தத்தைத்தான் கேட்டேன். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. இடையில் ஒரு முறிவுகூட இல்லை. வளைவுகளில் சத்தம் தாழ்ந்தது, வெளியே வந்ததும் நிமிர்ந்தது. கடைசி வளைவுக்கு முன்னால் அரைக் கிலோமீட்டர் நேர்ப்பாதை. அங்கேதான் நாலாவது விழுந்தது. நாலு சிலிண்டரும் ஒரே குரலில், நான் இழைத்த ஹெட், நான் வளைத்த குழாய், எல்லாம் முழுசாகத் திறந்து பாடியது. எத்தனையோ இன்ஜினை ஸ்டாண்டில் ஓட விட்டிருக்கிறேன். ஒரு மனிதன் உள்ளே உட்கார்ந்து ஓட்டும்போது அது எப்படிக் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

வண்டி கண்ணில் பட்டது. வளைவை நோக்கி வந்தது. வந்துகொண்டே இருந்தது. இங்கே நிச்சயமாகப் பிரேக் போட வேண்டும், முன்னால் போன பதின்மூன்று பேரும் போட்ட இடம் அது. இவர் போடவில்லை. நான் டயர்களை விட்டு ஓடினேன். கடைசி நொடியில் வண்டியின் மூக்கு தரையை முட்டுவது போல அமுங்கியது, டயர்கள் அலறின, வால் பக்கம் வீசிக்கொண்டு வந்து, வளைவின் ஓரத்து மண்ணைக் கொஞ்சம் வாரி இறைத்துவிட்டு, எப்படியோ நேராகி, முடிவுக் கோட்டைத் தாண்டி நின்றது. எட்டாவது இடம். கூட்டம் கைதட்டியது. அது சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் மூச்சிரைக்க ஓடிப் போனேன். இருவரும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அத்தானின் கை ஸ்டீயரிங்கை விடவில்லை.

"மாப்ள, நாலாவதுல போட்டு முழுசா மிதிச்சேன்டா" என்றார். இருபது வருடத்தில் என்னை அவர் டா போட்டதில்லை.

அக்கா மெதுவாகத் திரும்பினாள். "அதெல்லாம் இருக்கட்டும். கடைசி வளைவுல ஏன் நீங்க பிரேக்கே போடல?"

"நீ போடுவன்னுதான்."

"நான் போடுவேனா?"

"பக்கத்து சீட்டுல இருக்கறவங்கதானே போடணும்? நீ இருக்கேங்கற தைரியத்துலதானே காலையே எடுக்காம மிதிச்சேன்."

"என்னங்க சொல்றீங்க? நீங்க போடறதைத் தடுக்கறதுக்குத்தானே நான் ஏறினேன்! பெடலுக்கு அடில காலை வெச்சுக்கிட்டு, இப்ப மிதிப்பாரு, உருவிக்கலாம், இப்ப மிதிப்பாருன்னு காத்துக்கிட்டே இருந்தேன். கால் வரவே இல்ல. பயத்துல உருவி மேல வெச்சு ஒரே மிதியா மிதிச்சேன்! இல்லேன்னா..."

நாங்கள் மூன்று பேரும் அந்த வளைவைத் திரும்பிப் பார்த்தோம். வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம். மற்ற எட்டு வளைவிலும், ஏற்றம் என்பதால், ஆக்ஸிலேட்டரை விட்டதே போதுமாக இருந்திருக்கிறது. ஒன்பது வளைவும் ஏறி வந்த வண்டியில் பிரேக்குக்கு யாருமே பொறுப்பில்லாமல் இருந்திருக்கிறது. நான் ரோட்டு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அத்தான் வளைவிலிருந்து கண்ணை எடுக்காமல், "இத்தனை வருஷமா எல்லாருக்கும் நான்தான் போட்டேன்" என்றார். "எனக்காக ஒருத்தங்க போட்டது இன்னிக்குத்தான்." ஹெல்மெட்டுக்குள் கண் கலங்கியிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை.

அக்கா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். நல்ல அடி. பிறகு அந்தக் கையை அங்கிருந்து எடுக்கவில்லை.

"அடுத்த தடவையாவது முன்னாடியே சொல்லித் தொலைங்க" என்றாள்.